ஷா தோற்ற தேர்தல்

பெர்னார்ட் ஷா 1904 மார்ச் மாதத்தில் ஒரு தேர்தலில் நின்று தோற்றார். பாராளுமன்றத் தேர்தல் அல்ல. லண்டன் கவுண்டி கவுன்சில் என்கிற உள்ளாட்சி மன்றத்துக்கான தேர்தல். தொகுதி, தெற்கு ஸெயின்ட் பாங்க்ராஸ். அப்போது அவருக்கு வயது 47.

ஷாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக இந்தத் தோல்வியை வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். மேதை ஒருவர் கொஞ்ச காலம் சாக்கடை, தெருவிளக்குக் காரியங்களில் பொழுதைப் போக்கிவிட்டுத் தன்னுடைய இடமான நாடகத்துக்குத் திரும்பினார் என்கிற தொனி. தோற்றதே நல்லதாய்ப் போயிற்று என்றுகூடச் சொல்லிவிடலாம். தேதிகளும் அதற்கு ஒத்தாசை செய்கின்றன. மார்ச்சில் தோல்வி. ஏப்ரல் கடைசியில் கோர்ட் தியேட்டரில் 'காண்டிடா'வின் பகல் காட்சிகள். நவம்பர் 1ஆம் தேதி அதே மேடையில் 'ஜான் புல்ஸ் அதர் ஐலண்ட்'. அடுத்த ஆண்டு 'மேஜர் பார்பரா'. ஆக, வாக்காளர்கள் இலக்கியத்துக்கு உபகாரம் செய்திருக்கிறார்கள்.

இந்தத் தொனி எனக்குச் சம்மதமில்லை. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஷா பதினைந்து வயதில், 1871இல், டப்ளினில் ஒரு நில ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். அங்கே காசாளராகவும் உயர்ந்தார். 1876இல் வேலையை விட்டுவிட்டு லண்டனுக்குப் போனார். நம்மில் சிலர் பெருமூச்சு விடுவதற்கு இந்தத் தகவல் போதும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய கண் அவரிடம் கடைசிவரை இருந்தது. பற்று யாருக்கு, வரவு யாருக்கு என்கிற கேள்வியை அவருடைய நாடகங்களில் எந்தப் பாத்திரமும் கேட்காமல் விடுவதில்லை.

அன்றைய லண்டனில் 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பேட்டைக்குப் பேட்டை 'வெஸ்ட்ரி' என்கிற சபை இருந்தது. மாதாகோவில் நிர்வாகத்தில் பிறந்து, பிறகு சாக்கடை, குப்பை, தெரு, விளக்கு என்று கைமாறிய அமைப்பு. 1888ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கெல்லாம் மேலே நகரம் முழுமைக்குமாக கவுண்டி கவுன்சிலை வைத்தது. 1897இல் ஷா ஸெயின்ட் பாங்க்ராஸ் வெஸ்ட்ரியில் போட்டியில்லாமல் உறுப்பினரானார். 1900இல் வெஸ்ட்ரிகள் ஒழிந்து பரோ கவுன்சில்கள் வந்தபோது அதிலும் இடம் பெற்றார். 1903 வரை, ஆறு வருஷங்கள். அந்தப் பேட்டையின் ஜனத்தொகை இரண்டு லட்சத்துக்கும் மேல். யூஸ்டன், ஸெயின்ட் பாங்க்ராஸ், கிங்ஸ் கிராஸ் என்று மூன்று பெரிய ரயில் நிலையங்கள்; அவற்றை ஒட்டிப் புகையும் நெருக்கடியுமான குடியிருப்புகள்.

ஷா இங்கே அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கவில்லை. சுகாதாரம், மின்சாரம், வீட்டுவசதி, சாக்கடை என்று கமிட்டி கமிட்டியாக உழைத்தார். 'மேன் அண்ட் ஸூப்பர்மேன்' எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் சாக்கடைக் குழாய்கள் பற்றிய விவாதங்களிலும் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் பற்றி அங்கே பேச விஷயமும் இருந்தது. ஸெயின்ட் பாங்க்ராஸ் 1891லேயே சொந்தமாக மின் உற்பத்தி செய்து வழங்கத் தொடங்கிய பேட்டை.

அந்த ஆறு வருஷத்தில் ஒரு விவகாரத்தைப் பார்ப்போம். காம்டன் டவுனில், பார்க் தெரு முனையில், பெண்களுக்கு ஒரு பொதுக் கழிப்பிடம் கட்ட வேண்டும் என்று பிரேரணை வந்தது. ஆண்களுக்கு இலவசமாக இடங்கள் இருந்தன, பெண்களுக்கு இல்லை. வேலைக்குப் போகிற பெண்ணும் பூ விற்கிற பெண்ணும் நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எதிர்ப்பு கிளம்பியது. இப்படிப்பட்ட விஷயத்தைச் சபையில் பேசுவதே அசிங்கம் என்றார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். இடைஞ்சலா இல்லையா என்று பார்க்க, அந்த இடத்தில் மரத்தால் ஒரு மாதிரிக் கூண்டு வைத்தார்கள். வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே வந்து அதில் இடித்துவிட்டுப் போனார்கள். பெண்களுக்கான இடத்துக்கு ஒரு பென்னி கட்டணம் என்ற ஏற்பாட்டையும் ஷா எதிர்த்தார். ஏழைப் பெண்ணுக்கு அந்த ஒரு பென்னியே பூட்டிய கதவு என்பது அவர் வாதம். விவகாரம் வருஷக்கணக்கில் இழுத்தது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. பழைய வெஸ்ட்ரிகளில் பெண்கள் உறுப்பினராக இருக்கலாம். பரோ கவுன்சில்களை உண்டாக்கிய 1899ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை வெளியே தள்ளிவிட்டது. அவர்கள் திரும்பி வர 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, பெண்களின் கழிப்பிடத்தைப் பற்றிப் பேசுகிற சபையில் ஒரு பெண்கூட இல்லை. ஷாவைப் போன்ற ஒரு ஆண் பேசினால் உண்டு. அவர் தோற்றதால் என்ன நஷ்டம் என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1904இல் ஷா 'முனிசிபல் வியாபாரத்தின் பொது அறிவு' என்று சொல்லத்தக்க ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். 'தி காமன் சென்ஸ் ஆஃப் முனிசிபல் டிரேடிங்'. ஷாவின் வாசகர்களில் பலர் இதைத் தொடுவதில்லை. வங்கியில் வேலை செய்கிறவன் தொட்டால் கீழே வைக்க மாட்டான். தனியார் கம்பெனி லாபம் காட்டுகிறது, நகரசபை நஷ்டம் காட்டுகிறது, ஆகவே நகரசபை திறமையற்றது என்கிற வாதத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். சாராய வியாபாரியின் லாபம் அவன் புத்தகத்தில் இருக்கிறது. குடியால் வருகிற செலவு, அதாவது போலீஸ், சிறை, ஆஸ்பத்திரி, அநாதை விடுதி ஆகியவற்றின் செலவு, வரி கட்டுகிறவன் புத்தகத்தில் ஏறுகிறது. இரண்டு புத்தகங்களையும் சேர்த்துப் பார்க்காமல் லாப நஷ்டம் பேசாதே என்கிறார். நகரசபைக்குத் தனியாரைவிடக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் என்பதையும் சொல்கிறார். நிதானமான, பொறுமையான எழுத்து. கமிட்டியில் உட்கார்ந்து கற்ற எழுத்து. 'மேஜர் பார்பரா'வில் விஸ்கி முதலாளியின் நன்கொடை ரட்சணிய சேனைக்கு வரும்போது நாடகத்தின் நடுமுதுகு முறிகிறதே, அந்தக் காட்சியின் கணக்கு இந்தப் புத்தகத்தில் முன்பே போடப்பட்டுவிட்டது.

இவ்வளவு தெரிந்த மனிதர், ஆறு வருஷம் உழைத்த மனிதர், எப்படித் தோற்றார்? அவர் நின்றது முற்போக்குக் கட்சியின் சார்பில். அந்தக் கட்சி 1889இல் நடந்த முதல் தேர்தலிலிருந்து 1907 வரை லண்டன் கவுன்சிலைத் தன் கையில் வைத்திருந்தது. 1904லும் ஜெயித்தது. கட்சி ஜெயித்த வருஷத்தில் ஷா தோற்றார்.

காரணம் பீயட்ரிஸ் வெப்பின் நாட்குறிப்பில் இருக்கிறது. அவரும் சிட்னி வெப்பும் ஷாவுக்காக வேலை செய்தவர்கள். சிட்னி 1892 முதல் அந்தக் கவுன்சிலில் உறுப்பினர். ஆகவே அது எதிரியின் சாட்சியம் அல்ல. முற்போக்குக் கட்சியின் பலமே சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் சேராத கிறிஸ்தவர்கள். பிரதமர் பால்ஃபர் 1902இல் கொண்டுவந்த கல்விச் சட்டம், மதப் பள்ளிகளுக்கும் வரிப்பணத்திலிருந்து உதவி என்றது. அது அவர்களைக் கொதிக்க வைத்திருந்தது. அந்தப் பள்ளிகளில் படிப்பதும் குழந்தைகள்தானே, அவர்களுக்கும் நல்ல படிப்பு வேண்டாமா என்பது ஷாவின் நிலை. அதை அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. தன் நாத்திகத்தை வலியப் போய்ச் சொன்னார். மதுவிலக்குக்காரர்களிடம், தான் குடிக்காதவன்தான் என்றாலும் ஒவ்வொரு குடிமகனையும் கட்டாயமாக ரம் குடிக்க வைப்பேன் என்கிற ரீதியில் பேசினார். கத்தோலிக்கர்களிடம் அவர்களுடைய நற்கருணை நம்பிக்கையைக் கேலி செய்தார். லிபரல்களைத் திட்டினார். கன்ஸர்வேடிவ்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். வாக்களிக்கக்கூடிய ஒரு பகுதியாரையும் அவர் புண்படுத்தாமல் விடவில்லை என்று பீயட்ரிஸுக்குத் தோன்றியது.

நம் வட்டத்தில் இதைக் கேட்டால் முதலில் ஒரு சந்தோஷம் வரும். பார், சமரசம் செய்துகொள்ளாத மனிதன் என்போம். எனக்கும் வந்தது. இங்கே நாம் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று இப்போது நினைக்கிறேன். கொள்கை வேறு. கொள்கையைச் சொல்லும்போது சொல்கிறவனுக்குக் கிடைக்கிற சந்தோஷம் வேறு. பள்ளிக் குழந்தைகள் பற்றிச் சொன்னது கொள்கை. ரம் பற்றிச் சொன்னது சந்தோஷம். முன்னதற்காகத் தோற்றிருந்தால் அது கௌரவம்தான். பின்னதற்காகத் தோற்றதற்கு என்ன பெயர் வைப்பது?

தனியாக நிற்பதில் உள்ள ருசி மனிதனை உண்மையின் பக்கம்தான் கொண்டு செல்லும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 1901-02இல் லண்டனில் பெரியம்மை பரவியது. ஷா அப்போது சுகாதாரக் கமிட்டியில் இருந்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் கொண்டுவந்தது தடுப்பூசியின் மேல் பகைமை. கடைசிவரை அதை விடவில்லை. 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. ஊர் முழுக்க ஒன்றைச் சொன்னால் அதற்கு எதிராகச் சொல்வதில் ஷாவுக்கு இருந்த அதே ருசிதான் கழிப்பிட விவகாரத்தில் அவரைச் சரியாகவும், அம்மை விவகாரத்தில் தவறாகவும் பேச வைத்தது.

இப்போது என் காரணம்.

2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எங்கள் பேரூராட்சியில் எங்கள் வார்டு பெண்களுக்கானது. என் சித்தி சுயேச்சையாக நின்றாள். முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள். அவள் நின்றதற்கு ஒரே காரணம், பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பிடம் பூட்டிக் கிடந்தது. டவுனுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறுகிறார்கள் என்பதை அவள் கவனித்திருந்தாள்.

நான் பொதுத்துறை வங்கி ஊழியன். தேர்தலில் நிற்கக் கூடாது. பிரசாரம் செய்யக் கூடாது. நோட்டீஸ் எழுதித் தருவதும் அதில் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதினேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து, மூன்று தடவை திருத்தி எழுதினேன். பழைய கவுன்சிலரைக் கேலி செய்தேன். டெண்டர் எடுத்தவரைக் கேலி செய்தேன். கோவில் திருப்பணிக்கு ரசீது புத்தகம் தூக்குகிறவர்களுக்கு இதற்கு ஒரு ரூபாய் வசூலிக்கத் தோன்றாததைக் கேலி செய்தேன். ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவர்களையும் விடவில்லை. அச்சாகி வந்ததும் நண்பர்கள் இருவருக்கு அனுப்பினேன். ஒருவர் இதைப் பத்திரிகையிலேயே போடலாம் என்றார். அன்று முழுக்க கவுண்டரில் பணம் எண்ணும்போதும் எனக்குள் அந்த வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

சித்தி இருபத்து மூன்று ஓட்டில் தோற்றாள். திருப்பணிக் கமிட்டித் தெருவில் மட்டும் எத்தனை ஓட்டு போயிற்று என்று எண்ணிச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருந்தார்கள், சொன்னார்கள். சித்தி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, காபி கொடுக்கும்போது, "நோட்டீஸ் நல்லாத்தான் இருந்துதுப்பா. ஆனா அது எனக்காக எழுதினதில்ல. நீ உனக்காக எழுதிக்கிட்டது" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்குப் பிறகுதான் 'ஜான் புல்ஸ் அதர் ஐலண்ட்' நாடகத்தை மறுபடி எடுத்தேன். பி.ஏ. படிக்கும்போது வாசித்தது. அப்போது அது அயர்லாந்து - இங்கிலாந்து நாடகம். இப்போது, தோற்ற வேட்பாளர் தோற்ற வருஷத்தின் கோடையில் எழுதிய நாடகம். மூன்றாவது அங்கத்தில் ராஸ்கல்லன் என்கிற அயர்லாந்துக் கிராமத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பாராளுமன்றத்துக்கு ஆள் தேடுகிறார்கள். ஊரைவிட்டு லண்டனுக்குப் போய் எஞ்சினியரான லாரி டாயிலைக் கேட்கிறார்கள். லாரி புத்திசாலி. உண்மையைப் பேசுகிறான். புதிதாக நிலம் வாங்கிய சிறு விவசாயிகளிடம், உங்களிடம் கூலி வேலை செய்கிறவனுக்குச் சரியான கூலி கொடுங்கள் என்கிறான். பாதிரியாருக்கு முன்னாலேயே சர்ச்சைப் பற்றி அவர்கள் எதிர்பாராததைச் சொல்கிறான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஓட்டு போகிறது. கடைசியில் அவன் கூட்டாளியான பிராட்பென்ட் என்கிற ஆங்கிலேயன், அசட்டுப் பேச்சைத் தவிர வேறொன்றும் அறியாதவன், வாய்நிறைய நல்லதாகப் பேசுகிறான். ஊருக்கு அவன் போதும் என்று ஆகிவிடுகிறது. அவன் ஒரு பன்றியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விபத்தாகி, ஊரே சிரிக்கிறது. சிரிப்பையும் அவன் ஆதரவாக எடுத்துக்கொள்கிறான். பிறகு அங்கே ஹோட்டல் கட்டுவான், கோல்ஃப் மைதானம் போடுவான்.

பதினெட்டு வயதில் நான் லாரியின் பக்கம் இருந்தேன். ஷாவும் லாரியின் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது வாசிக்கும்போது அப்படித் தெரியவில்லை. ஷா லாரிக்குத் தன்னுடைய கருத்துகளையெல்லாம் கொடுக்கிறார். தன் வறட்சியையும் கொடுக்கிறார். கூலிக்காரனுக்காகப் பேசுகிற லாரிக்கு அந்தக் கூலிக்காரன் மேல் பிரியம் ஏதும் இல்லை. ஊரைத் திருத்துவதைவிட ஊரிடம் தான் சரி என்று சொல்லிவிடுவதுதான் அவனுக்கு அவசரம். அவன் பேச்சு முடிந்ததும் கூலி ஒரு பென்னிகூட உயரவில்லை. பிராட்பென்ட் ஜெயிப்பதையும் ஷா இனிப்பாக்கவில்லை. அவனுடைய ஹோட்டல் அந்தச் சிறு விவசாயிகளை விழுங்கிவிடும் என்பது நாடகத்தில் தெளிவாகவே இருக்கிறது. அசடனிடம் செயல் இருக்கிறது. புத்திசாலியிடம் வாக்கியம் இருக்கிறது. நடுவில் ஒரு ஊர் அழிகிறது. இந்த நாடகத்தைப் பிரதமர் பால்ஃபர் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். யாருடைய கல்விச் சட்டத்தைப் பற்றிப் பேசி ஷா ஓட்டை இழந்தாரோ அதே பால்ஃபர். ஏழாம் எட்வர்ட் மன்னர் சிரித்த சிரிப்பில் நாற்காலி உடைந்தது என்பார்கள்.

தோல்வி இலக்கியத்துக்கு உபகாரம் செய்தது என்கிறவர்கள் இந்த நாடகத்தைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அழைத்தால் அது எதிராகவே சாட்சி சொல்லும். தன் தோல்வியை ஒரு பதக்கமாகக் குத்திக்கொள்ளாமல், தன் பேச்சின் லட்சணத்தைத் தானே மேடையேற்றிப் பார்த்ததால் வந்த நாடகம் அது. தெற்கு ஸெயின்ட் பாங்க்ராஸ் வாக்காளர்களைக் கேலி செய்து ஒரு நாடகம் எழுதியிருந்தால், அது என் நோட்டீஸ் மாதிரி இருந்திருக்கும்.

ஒன்றையும் இதனால் மறைக்க முடியாது. ஷா அதன்பிறகு மக்களிடம் வாக்குக் கேட்டு நிற்கவில்லை. நாடகம் உலகத்துக்குக் கிடைத்தது. காம்டன் டவுன் பெண்களுக்கு அவர் குரல் கிடைக்கவில்லை. முதலாவதை வைத்து இரண்டாவதைச் சரிக்கட்டுவது, அவர் புத்தகத்தில் அவரே எச்சரித்த கணக்கு. லாபம் ஒருவர் புத்தகத்தில், செலவு இன்னொருவர் புத்தகத்தில்.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்குத் தோற்பதில் பழக்கம் உண்டு. பிரதி விற்காததையும் ஆள் சேராததையும் நம் தரத்துக்கு அத்தாட்சியாக வைத்துக்கொள்கிறோம். சில சமயம் அது வாஸ்தவமாகவும் இருக்கலாம். ஆனால் நாம் தோற்கும்போது நம்மோடு வேறு யாராவது தோற்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது. உள்ளாட்சித் தேர்தலில் இது சட்டென்று தெரிந்துவிடுகிறது. தோற்றவனும் தோற்கடித்தவர்களும் மறுநாள் காலை ஒரே பால் கடையில் நிற்க வேண்டியிருக்கிறது.

2023இல் சித்தி, தன்னை ஜெயித்த பெண்ணையே கூட்டிக்கொண்டு பேரூராட்சி ஆபீஸுக்குப் போனாள். அந்தப் பெண்ணுக்குப் பேச வராது, சித்தி பேசுவாள். சித்திக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. அந்தப் பெண் போடுவாள். போவதற்கு முதல் நாள் ராத்திரி மனு எழுதிக் கொடுக்கச் சொன்னாள். நான்கு வரி எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். 'வெட்கக்கேடான' என்று ஒரு வார்த்தை இருந்தது. பேனாவை வாங்கி அதை மட்டும் அடித்தாள்.

கழிப்பிடம் இப்போது திறந்திருக்கிறது. தண்ணீர்தான் சில நாள் வருவதில்லை. அதற்கு வேறு மனு எழுத வேண்டும்.